விளம்பரம் இருந்த இடம்

றம்லாவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது என்பது மன்னார் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள அத்தனை கடைக்காரருக்கும் தெரியும். அவள் ஒரு தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடித்ததை யாரும் கண்டதில்லை. பாதிக் கோப்பையில் எழும்பிப்போய்க் கொம்பியூட்டரைத் தட்டிப் பார்ப்பாள், வந்து இன்னொரு மிடறு குடிப்பாள், மறுபடியும் எழும்புவாள். பக்கத்துக் கடையில் இரும்புச் சாமான் விற்கும் அவளுடைய தம்பி சனூன், "ராத்தா, அந்தப் பெட்டிக்குள்ள முட்டையா வச்சிருக்கிறீங்க?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டான்.

பெயருக்கு அது தொலைபேசிக் கடை. வெளிநாட்டுக்குக் கதைக்கலாம், தட்டச்சு செய்துகொள்ளலாம், போட்டோப் பிரதி எடுக்கலாம். ஆனால் றம்லாவின் உயிர் முழுக்க அவள் நடத்திய இணையத்தளத்தில் இருந்தது. அதற்கு 'மன்னாரார் எங்கே' என்று பெயர் வைத்திருந்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் ஆயுதம் ஏந்திய இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. தாய் பாத்தும்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போய், புத்தளத்து அகதி முகாமில் பன்னிரண்டு வருடம் ஓலைக் கொட்டிலில் கிடந்தாள். தட்டச்சுப் படித்தது அங்கேதான். கல்யாணம் செய்ததும் அங்கேதான். கட்டியவன் வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போனான், போனவன் போனவன்தான். சமாதானம் என்று சொன்ன காலத்தில் ஊருக்குத் திரும்பி வந்தபோது, றம்லா கண்டவர் எல்லோரிடமும் கேட்டது ஒரே கேள்வி: இன்னார் எங்கே? முஸ்லிம்கள் புத்தளத்தில், தமிழர் இராமேஸ்வரத்துக்கு அப்பால், மிச்சப் பேர் ஆளுக்கொரு திசையில். யாருக்கும் யாரையும் தெரியவில்லை. அந்த ஆத்திரத்தில் தொடங்கியதுதான் அந்தத் தளம். பழைய ஊர், குடும்பத் தலைவர் பெயர், இப்போது இருக்கும் இடம், அவ்வளவுதான். நாலு வருடத்தில் நாலாயிரம் குடும்பம் சேர்ந்துவிட்டது.

முதல் இரண்டு வருடமும் பெருமையாகத்தான் போனது. தேடுபொறியில் மன்னார் என்று அடித்தால் அவளுடைய தளம் ஏழாவதாக வரும். கடை திறந்ததும் முதல் வேலையாக அதை அடித்துப் பார்ப்பாள். ஏழு என்றால் அன்றைக்கு வாடிக்கையாளருக்குச் சிரித்த முகம். எட்டு என்றால் சனூனுக்கு ஏச்சு. சண்டை திரும்பவும் மூண்டதும் உலகத்தில் உள்ள செய்திக்காரர் எல்லாரும் மன்னாரைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். எத்தனை ஷெல் விழுந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்ற பக்கங்கள் வரிசையாக முன்னால் வந்து நிற்க, றம்லாவின் தளம் இருபதுக்குப் போய், நாற்பதுக்குப் போய், அறுபத்துமூன்றில் போய்க் கிடந்தது. ஊரில் நடந்த சண்டையே ஊர்க்காரரின் பட்டியலைத் தள்ளிக் கீழே போட்டதை நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அறுபத்துமூன்றாம் இடம்வரைக்கும் எந்தப் பொறுமைசாலி தேடப்போகிறான்?

அந்தத் தளத்துக்குச் சோறு போட்டது விளம்பரம். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று பக்கத்தின் தலைப்பில் ஒரு பெட்டியை வைக்கச் சொன்னது. பெட்டிக்குள் என்ன வரும் என்பது அவர்கள் பாடு. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பட்டியலுக்கு மேலே உடம்பு மெலியும் குளிசை வரும், மாலைதீவில் தேனிலவு வரும். பார்க்கிறவர் மவுசால் அதை அமத்தினால் றம்லாவுக்குச் சில சதம். நூறு டொலர் சேர்ந்தால்தான் காசோலை அனுப்புவார்கள். தளத்தை வைத்திருக்கும் கொழும்புக் கம்பனிக்கு வருடக் கட்டணம் கட்ட அது போதும். போன வருடம் அப்படித்தான் கட்டினாள். இந்த வருடம், 2007 ஆகஸ்ட் முப்பத்தோராம் திகதிக்குள் கட்டாவிட்டால் தளத்தை மூடிவிட்டு, பத்து நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். கடையில் வருமானம் இல்லை. ஆமி பாதையைப் பூட்டினால் ஆட்கள் இல்லை, ஆட்கள் வந்தால் லைன் இல்லை. இருந்த இரண்டு தொலைபேசி இணைப்பில் ஒன்று ஏப்ரலில் செத்துவிட்டது. மிஞ்சிய ஒன்றில்தான் இணையமும் வரவேண்டும், அழைப்பும் வரவேண்டும். இணையத்தில் இருந்தால் வெளியிலிருந்து யாரும் பேச முடியாது.

மே மாதக் கடைசியில் விளம்பரக் கணக்கு திடீரென்று ஏறத் தொடங்கியது. ஒரு நாளைக்கு நாலு பேர் அமத்திய இடத்தில் நாற்பது பேர். றம்லா கனடாவையும் பாரிசையும் வாயார வாழ்த்தினாள். தொண்ணூற்றாறு டொலர் வந்த அன்று சனூனுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி வாங்கினாள். மறுநாள் காலை மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்திருந்தது. உங்கள் தளத்தில் முறையற்ற அமத்தல்கள் நடந்திருக்கின்றன, கணக்கை மூடிவிட்டோம், சேர்ந்த தொகை தரப்படமாட்டாது. கீழே ஆள் பெயர்கூட இல்லை.

அவள் மூன்று தடவை இங்கிலீசில் விளக்கம் எழுதினாள். மூன்று தடவையும் ஒரே பதில், ஒரே வசனம், ஒரே இடத்தில் காற்புள்ளி. நாலாம் நாள்தான் சங்கதி வெளியில் வந்தது. வங்காலையில் இரண்டு வள்ளம் வைத்திருக்கும் சிங்கராசா சம்மாட்டியார் பிரான்சில் இருக்கும் மகனோடு கதைக்க வந்தவர், கதைத்து முடித்ததும் கொம்பியூட்டர்ப் பக்கம் போய் மாலைதீவை ஒரு அமத்து அமத்தினார்.

"என்ன செய்றீங்க சம்மாட்டியார்?"

"எங்கட பங்கைப் போடுறன் பிள்ளை. நீங்கள்தானே சொன்னனீங்கள், இதில அமத்தினா உங்களுக்குக் காசு வருமெண்டு. நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இஞ்ச வாற ஒருத்தரும் அமத்தாமப் போறதில்லை. நீங்கள் உம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போற நேரம் வரிசையில நிண்டு அமத்துறவை."

வங்காலையில் ஒருவனுடைய வலை கடலோடு போனால் ஒவ்வொரு வள்ளமும் ஒருநாள் மீனில் ஒரு பங்கைத் தூக்கி அவனுக்குப் போடும். கேட்டுப் போடுவதில்லை, போட்டதைச் சொல்லிக் காட்டுவதுமில்லை. அந்த மனசோடுதான் அவர்கள் மூன்று கிழமையாக ஒரே கொம்பியூட்டரில், ஒரே லைனில், மாலைதீவுத் தேனிலவை மாறி மாறி அமத்தியிருக்கிறார்கள். கடல் கடந்து இருக்கும் கம்பனிக்கு அது தெரியுமா? அதற்குத் தெரிந்தது ஒரு களவாணி தன் கடையில் இருந்துகொண்டு தானே அமத்துகிறாள் என்பது மட்டும்தான்.

றம்லாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சம்மாட்டியாரின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விசயத்தை விளக்கிச் சொன்னபோது மனுசன் தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டார்.

"மாதாவே, நாங்களோ கெடுத்தம்? நேவி பாஸ் தந்தா நாளைக்கே கடலுக்குப் போய் இந்தக் காசை எடுத்துத் தருவன். கடலுக்கு விடுறாங்கள் இல்லையே பிள்ளை."

"விடுங்கோ சம்மாட்டியார். நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றாள் றம்லா. சொன்னாளே தவிர அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

சனூனிடம் கேட்டாள். அவன் தெளிவாகச் சொல்லிவிட்டான். "உம்மாட மருந்துக்கே நான் கடன்படுறன். ஆரோ தேடுறதுக்கு நாம ஏன் ராத்தா காசு கட்டணும்?"

ஆரோ. அந்தச் சொல்தான் அவளைப் போட்டுக் குடைந்தது. ஏனென்றால் யார் தேடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தளத்துக்குப் பின்கதவு போல ஒரு வருகைப் பதிவு உண்டு. எந்த நாட்டிலிருந்து வந்தார்கள், தேடுபொறியில் என்ன சொல் அடித்து வந்தார்கள், எத்தனை செக்கன் நின்றார்கள் என்பது எல்லாம் அதில் விழும். அந்தச் சொற்களைப் படிப்பது றம்லாவுக்கு ஊர்ச்சனத்தின் பெருமூச்சைக் கேட்பது மாதிரி. தளம் மூடப்போகிறது என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு நாளையும் அவள் துருவித் துருவிப் படித்தாள்.

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் திகதி, புதன்கிழமை, காலை பத்தே முக்கால். தமிழ்நாடு. அடித்த சொற்கள்: செல்லாயி உயிலங்குளம். நின்ற நேரம் பன்னிரண்டு செக்கன்.

அவள் முந்திய கிழமைகளைத் திறந்தாள். எட்டாம் திகதி புதன், அதே நேரம், அதே சொல். முதலாம் திகதி புதன், ஜூலையில் மூன்று புதன். பதினைந்தாம் திகதி மட்டும் இல்லை. அன்று இந்தியாவின் சுதந்திர தினம், பள்ளிக்கூடம் பூட்டு. பள்ளிக்கூடத்தில் கிழமைக்கு ஒருநாள் கொம்பியூட்டர் பாடம், அதில் திருட்டுத்தனமாகப் பன்னிரண்டு செக்கன். வேறு என்னவாக இருக்க முடியும்?

செல்லாயியை றம்லாவுக்கு நன்றாகத் தெரியும். மலையகத்துக் கலவரத்தில் அடிபட்டு வந்து உயிலங்குளத்தில் வயல் கூலிக்கு நின்றவர். போன சித்திரையில் ஷெல் சத்தம் கூடியதும் பட்டணத்துக்கு வந்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு கடைகளுக்கு வாசல் கூட்டுகிறார். மகன் நடராசா தொண்ணூறில் படகேறி இந்தியாவுக்குப் போனவன். பதினேழு வருடமாக ஒரு தகவலும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் கடைக்கு வந்து, "எதாச்சும் வந்துச்சா புள்ள?" என்று கேட்பார். "இல்லை" என்றதும் "சரி, அடுத்த கெழமை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வாசலைக் கூட்டித் தந்துவிட்டுப் போவார்.

பட்டியலில் செல்லாயி இருந்தார். ஆனால் எப்படி இருந்தார்? நிவாரண அட்டையில் எழுதுவது போலவே றம்லாவும் எழுதியிருந்தாள்: ஆறுமுகம், மனைவி, உயிலங்குளம், தற்போது மன்னார். ஆறுமுகம் செத்து இருபது வருடம். மனைவி என்றால் எந்த மனைவி? நாலாயிரம் குடும்பத்திலும் பெண்களுக்கு அவள் பெயரே போடவில்லை. தானும் ஒரு பெண்ணாக இருந்துகொண்டு இதைச் செய்தோமே என்று வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. அதோடு இன்னொன்று. பக்கத்தைத் திறந்தால் முதலில் வருவது தலைப்பில் இருந்த விளம்பரப் பெட்டி. மெதுவான லைனில் அந்தப் பெட்டி வந்து முடியவே பத்துச் செக்கன் பிடிக்கும். கணக்கை மூடிய பிறகும் அந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் நின்று வழியை மறித்தது. பட்டியல் அதற்குக் கீழே. பன்னிரண்டு செக்கனில் அந்தப் பிள்ளை கண்டது எல்லாம் வெறும் வெள்ளையைத்தான்.

தளம் மூடுவதற்குள் ஒரே ஒரு புதன்கிழமைதான் மிச்சம் இருந்தது.

றம்லா விளம்பரப் பெட்டியைப் பிடுங்கி எறிந்தாள். அது இருந்த இடத்தில், தளத்தின் எல்லாப் பக்கத்திலும், பெரிய எழுத்தில் இப்படிப் போட்டாள்:

உயிலங்குளம் செல்லாயி உயிரோடு மன்னாரில் இருக்கிறார். மகன் நடராசாவைத் தேடுகிறார். இந்த இலக்கத்துக்கு எடுங்கள்.

கீழே கடையின் தொலைபேசி இலக்கம். செல்லாயியிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பொய்யாகப் போனால் அந்த மனுசியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அந்த ஒரு கிழமையை றம்லா எப்படிக் கடத்தினாள் என்று கேட்கக்கூடாது. பஸ் நிலையத்துக் கழுதைகள்கூட அவளைவிட அமைதியாக நின்றன. தேடுபொறி அந்தப் பக்கத்தைக் கீழே தள்ளிவிட்டால்? புதன்கிழமை கரண்ட் நின்றால்? அங்கே ஆசிரியர் வரவில்லை என்றால்?

இருபத்தொன்பதாம் திகதி கரண்ட் இருந்தது, லைனும் இருந்தது. பத்தரைக்கு றம்லா கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தாள். பிறகுதான் உறைத்தது. இணையத்துக்குள் போனால் அழைப்பு வராது. போகாவிட்டால் அந்தப் பிள்ளை வந்ததா என்று தெரியாது. நாலு வருடமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருதடவை தட்டிப் பார்த்த கை. அதை மடியில் வைத்துக்கொண்டு, பேசாத தொலைபேசியைப் பார்த்தபடி ஒரு மணித்தியாலம் இருந்தாள். அது அவளுடைய ஆயுளிலேயே நீளமான மணித்தியாலம்.

பதினொன்றரைக்கு மேல் தாங்க முடியாமல் உள்ளே போய்ப் பார்த்தாள். பத்து நாற்பத்தாறு. செல்லாயி உயிலங்குளம். நின்ற நேரம் ஒன்பது நிமிடம்.

ஒன்பது நிமிடம்! றம்லா எழும்பிப் பக்கத்துக் கடைக்கு ஓடினாள், சனூனிடம் சொல்ல வாயெடுத்தாள், உடனே திரும்பி ஓடிவந்து இணையத்தைத் துண்டித்தாள். இந்த இரண்டு நிமிடத்துக்குள் அவர்கள் எடுத்திருந்தால்? அந்த எண்ணம் அவளை வியாழனும் விடவில்லை, வெள்ளியும் விடவில்லை. தொலைபேசி அடித்தது எல்லாம் வேறு ஆட்கள். வெள்ளிக்கிழமை வழமைபோலச் செல்லாயி வந்தார்.

"எதாச்சும் வந்துச்சா புள்ள?"

றம்லா "இல்லை" என்று தலையை மட்டும் ஆட்டினாள். அன்று பின்னேரம் தளத்தைத் திறந்தபோது, இந்தப் பக்கம் கிடைக்கவில்லை என்று இங்கிலீசில் ஒரு வரி வந்தது. நாலு வருட உழைப்புக்கு ஒரு வரி. அவள் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதாள். சனூன் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுத் தன் கடைக்குத் திரும்பிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிபோலத் தொலைபேசி அடித்தது. சிங்கராசா சம்மாட்டியார் பூசை முடிந்து வந்து, மகனுக்கு எடுக்கக் காத்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ, இது மன்னாருங்களா?" ஒரு ஆண்குரல். "செல்லாயின்னு... எங்கம்மா... நான் நடராசா பேசுறேன்."

"வைக்காதீங்க! வைக்காதீங்க!" என்று றம்லா கத்தினாள். சம்மாட்டியார் விசயத்தைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் பறந்தார். ஏழு நிமிடத்தில் செல்லாயியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கிழவி கையில் விளக்குமாறு அப்படியே இருந்தது. செல்லாயி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு றீசீவரைக் காதில் வைத்தார். "பதினேழு வருசமா எங்கடா போயித் தொலைஞ்ச?" என்று ஏசத் தொடங்கினார். ஏசி, அழுது, மறுபடி ஏசி, கடைசியில் மருமகளுக்கு எந்த ஊர் என்று விசாரித்தார். கடைவாசலில் நின்றவர்களில் அழாத ஆள் இல்லை. சனூன் மூக்கைத் துடைத்துக்கொண்டு தடிமன் பிடித்திருக்கிறது என்றான்.

செல்லாயி றீசீவரை நீட்டினார். "பேத்தி ஒன்னோட பேசணுங்குது புள்ள."

"அக்கா, நான்தான் புதன்கிழமை பார்த்தேன். நம்பரை நோட்டுல எழுதி வச்சிட்டேன். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருந்தாரு, நேத்துத்தான் வந்தாரு." பிள்ளை மூச்சுவிடாமல் பேசியது. "அக்கா, எங்க முகாம்ல இருந்து எங்க கிளாசுக்கு இன்னும் நாலு பேர் வர்றாங்க. அவங்களுக்கும் அங்க ஆளுங்க இருக்காங்க. வர்ற புதன்கிழமை அவங்களுக்கும் தேடித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். நேத்து அப்பாவுக்குக் காட்டலாம்னு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். உங்க பக்கம் திறக்கவே இல்ல. ஏன் அக்கா?"

றம்லா "ஒரு சின்னப் பழுது, மகள்" என்றாள்.

"புதன்கிழமைக்குள்ள சரியாயிடுமா?"

"புதன்கிழமைக்குள்ளயா?" என்று றம்லா திருப்பிக் கேட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற சனூன் சட்டைப்பைக்குள் கைவிட்டுக் காசை எடுத்தான்.

"ராத்தா, அந்தக் கொழும்புக் கம்பனி திங்கக்கிழமை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"ஓம் மகள், புதன்கிழமைக்குள்ள திறக்கும்" என்றாள் றம்லா. மேசையில் கையில் அகப்பட்டது அந்த விளம்பரக் கம்பனிக் கடிதத்தின் பிரதி. பின்பக்கத்தில் எழுத அதைத் திருப்பி வைத்தாள். "தேடுற ஆக்களின்ட பேரைச் சொல்லு. பொம்புளைப் பேரையும் சேர்த்துச் சொல்லு."

"மொதல்ல பேச்சியம்மா. முருங்கன்ல இருந்தாங்களாம். எங்க கிளாஸ் பொண்ணு வீட்ல பதினஞ்சு வருசமாத் தேடுறாங்க."

றம்லாவின் பேனை நின்றது. பேச்சியம்மாவை அவளுக்குத் தெரியும். மீன் சந்தையில் கருவாடு காயப்போடும் மனுசி. தினமும் இரண்டு தடவை இந்தக் கடையைத் தாண்டித்தான் போய்வருவார். ஜூன் மாதத்தில் வரிசையில் நின்று ஒரு தடவை மாலைதீவையும் அமத்தியிருக்கிறார்.